இசட்டும் ஸ்லாஷும்: பழைய பின்பால் கேம்கள் இப்போது விளையாடத் தேறுமா?

ஸ்டார்ட், ஆல் புரோகிராம்ஸ், கேம்ஸ், பின்பால். இந்த வழி இன்னும் என் கைக்கு மனப்பாடம். பெரியம்மா வீட்டில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. இன்டர்நெட் கிடையாது. வெளியிலிருந்து எந்த சிடியும் போடக் கூடாது, வைரஸ் வந்துவிடும் என்பது பெரியப்பாவின் கட்டளை. அதனால் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த சாலிட்டேர், மைன்ஸ்வீப்பர், பின்பால் இவைதான் கதி. பின்பால் என்றால் சாய்ந்த மேசையில் உருண்டு வரும் பந்தைக் கீழே விழவிடாமல், ஃபிளிப்பர் என்ற இரண்டு துடுப்புகளால் தட்டி மேலே அனுப்பிப் பாயிண்ட் சேர்ப்பது. சாலிட்டேர் பெரியப்பாவுக்கு, மைன்ஸ்வீப்பர் யாருக்கும் புரியவில்லை, பின்பால் எனக்கும் அண்ணனுக்கும். ஒரே கீபோர்டில் இரண்டு பேர் விளையாட நாங்களே கண்டுபிடித்த வழி: இடது ஃபிளிப்பருக்கான இசட் விசை அவனுக்கு, வலது ஃபிளிப்பருக்கான ஸ்லாஷ் விசை எனக்கு. பந்து நடுவில் விழுந்தால் சண்டை.

"டேய், அது உன் பக்கம்டா!"

"நீ முன்னாடியே தட்டியிருந்தா இந்தப் பக்கமே வந்திருக்காதுண்ணா."

போன மாதம் காய்ச்சலில் நாலு நாள் வீட்டோடு கிடந்தேன். அப்போதுதான் அதைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், போட்ட கையோடு அந்தக் காலத்துப் பின்பால் கேம்கள் வேறு சிலவற்றையும் தேடி எடுத்தேன். இந்த விமர்சனம் அந்த நாலு நாளின் விளைவு, எனவே மாத்திரை மயக்கத்தைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் அளவுகோல் எது என்று சொல்லிவிடுகிறேன். நிஜ பின்பால் மெஷினில் ஓடுவது சுமார் 80 கிராம் எடையும் 27 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுக் குண்டு, மேசை ஆறரை டிகிரி போலச் சாய்ந்திருக்கும். எனக்கு நிஜ மெஷினைத் தொடக் கிடைத்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் வெளியூர் போன இடத்தில். ஆனால் சின்ன வயதில் பொருட்காட்சியில் ஒரு பலகை விற்பார்களே, ஆணி அடித்து, ஓரத்தில் ஸ்பிரிங் வைத்து, இழுத்துவிட்டால் குண்டு மேலே ஓடி வளைந்து ஆணிகளுக்கு நடுவே தடுமாறிக்கொண்டு இறங்குமே, அதுதான் பின்பாலின் மூதாதை. அந்தக் குண்டு ஆணியில் பட்டு ஒரு கணம் தயங்கி எந்தப் பக்கம் போவதென்று யோசிப்பதுபோல நிற்கும். கம்ப்யூட்டர் பந்து அந்தத் தயக்கத்தைக் காட்டுகிறதா, அதற்கு எடை இருக்கிறதா என்பதுதான் நான் பார்த்தது. கிராஃபிக்ஸ் எனக்கு இரண்டாம்பட்சம்.

சரி, எக்ஸ்பியில் நாங்கள் ஆடிய அந்தப் பின்பால், ஸ்பேஸ் கேடட்.

அதன் முழுப் பெயர் 3டி பின்பால் ஃபார் விண்டோஸ், ஸ்பேஸ் கேடட். இதைச் செய்தது மைக்ரோசாஃப்ட் இல்லை என்பதே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருந்த சினிமாட்ரானிக்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. 1995ல் விண்டோஸ் 95க்கான பிளஸ் என்ற கூடுதல் தொகுப்பில் முதலில் வந்தது, அப்புறம் விண்டோஸின் அடுத்தடுத்த பதிப்புகளான என்டி 4, 2000, எம்இ, எக்ஸ்பி என்று ஒட்டிக்கொண்டே வந்தது. அதே 1995ல் சிம்சிட்டி புகழ் மேக்ஸிஸ் நிறுவனம் ஃபுல் டில்ட் பின்பால் என்று மூன்று மேசைகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டது. அந்த மூன்றில் ஒன்றுதான் நம் ஸ்பேஸ் கேடட் மேசை, மற்றவை கடற்கொள்ளையர் மேசையும் டிராகன் மேசையும். மூன்று இட்லி உள்ள தட்டிலிருந்து ஒன்றை மட்டும் சாம்பிளுக்குக் கொடுத்திருக்கிறார்கள், அதையே நாம் பத்து வருடம் சாப்பிட்டிருக்கிறோம்.

இப்போது விளையாடும்போது எனக்கு உறைத்த முதல் விஷயம், அன்றைக்கு எங்களுக்கு விதியே தெரியாது என்பது. எஃப் 2 அழுத்துவோம், ஸ்பேஸ் பாரை இழுத்துப் பிடித்து விடுவோம், மேலே போன பந்து பம்பர்களில் (பட்ட பந்தைத் திருப்பி உதைக்கும் குமிழ்கள்) டிங் டிங் என்று அடிபடும், எண் ஏறும், கீழே வரும், தட்டுவோம். வலது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் ஆங்கிலத்தில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கும், அதை யாரும் படித்ததில்லை. பந்து விழுந்தால் அதில் 'கிராஷ் போனஸ்' என்று வரும். போனஸ் என்றால் நல்லதுதானே என்று அண்ணன் ஒரு தடவை வேண்டுமென்றே விழவிட்டான்.

அந்தப் பெட்டியில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. நீங்கள் ஒரு விண்வெளிப் பயிற்சி மாணவர், கடைநிலைப் பதவி. ஏவுதள ராம்ப் (பந்து ஏறும் சரிவுப் பாதை) அருகே இருக்கும் மிஷன் இலக்குகளை அடித்தால் ஒரு வேலை தேர்வாகும், பந்தை அந்த ராம்பில் ஏற்றினால் வேலையை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். முதல் படியில் வருபவை சுலபமானவை: பம்பர்களை எட்டு முறை அடி, ராம்பில் மூன்று முறை ஏற்று, இப்படி. முடித்தால் மேசை நடுவில் உள்ள வட்டத்தில் விளக்குகள் ஏறும், வட்டம் நிரம்பினால் பதவி உயர்வு. கேடட், என்சைன், லெப்டினன்ட் என்று தொடங்கி ஃப்ளீட் அட்மிரல் வரை மொத்தம் ஒன்பது பதவி. மேலே போகப் போக வேலையும் கடினமாகும். இதற்கிடையில் எரிபொருள் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வரும், தீர்ந்தால் மிஷன் ரத்து, எனவே நடுநடுவே போய் எரிபொருள் நிரப்ப வேண்டும். வார்ம்ஹோல்கள் மூன்று நிறத்தில் இருக்கின்றன, ஒன்றில் விழுந்த பந்து இன்னொன்றிலிருந்து கக்கப்படும். ஹைப்பர்ஸ்பேஸ் குழியில் விடாமல் திரும்பத் திரும்பப் போட்டால் ஜாக்பாட், எக்ஸ்ட்ரா பால் என்று பரிசு ஏறிக்கொண்டே போகும்.

இதெல்லாம் தெரிந்து விளையாடினால் இது வேறு விளையாட்டு. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விசையையும் படபடவென்று அடிப்பது நின்றுவிட்டது. ஃபிளிப்பரைத் தூக்கியே வைத்திருந்தால் பந்து அதன் மடியில் வந்து உட்காரும். அப்புறம் கையை எடுத்தால் பந்து ஃபிளிப்பரின் மேல் மெதுவாக உருண்டு நுனியை நோக்கிப் போகும், எந்த இடத்தில் இருக்கும்போது அடிக்கிறோமோ அதற்கேற்பத் திசை. நுனிக்குச் சற்று முன்னால் அடித்தால் எதிர்ப்பக்கத்து ராம்ப், கொஞ்சம் முந்தினால் நடு மேசையில் வீண். முதல் நாள் முழுக்க இதை மட்டுமே பழகினேன். பத்துக்கு ஏழு தடவை ராம்பில் ஏற்ற முடிந்தபோது, காய்ச்சலா, சந்தோஷமா தெரியவில்லை, உடம்பெல்லாம் சூடு.

ஏவுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஸ்பேஸ் பாரை முழுதாக இழுக்காமல் பாதியில் விட்டால் பந்து பாதையின் முழு நீளமும் ஓடாமல் நடுவழியில் திரும்பும், சரியான விளக்கு வரை போய் நின்றால் ஸ்கில் ஷாட் போனஸ். நாங்கள் எப்போதும் முழு மூச்சில்தான் இழுப்போம். பாதி வலுவில் விட்டால் பந்து திரும்பி வந்துவிடும், மானம் போய்விடும் என்று நினைப்பு.

மேசையை இடிக்கவும் வழி உண்டு. எக்ஸ் அழுத்தினால் ஒரு பக்கம், முற்றுப்புள்ளி அழுத்தினால் மறுபக்கம், மேல் அம்பு அழுத்தினால் கீழிருந்து. அளவோடு செய்தால் ஓரச் சந்தில் விழப்போகும் பந்தைக் காப்பாற்றலாம், அளவு மீறினால் டில்ட், ஃபிளிப்பர்கள் செத்துப்போகும், பந்து நிதானமாகக் கீழே போவதை வேடிக்கை பார்க்கலாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். பந்தின் எடை விஷயத்தில் ஸ்பேஸ் கேடட்டுக்கு நான் பாஸ் மார்க்தான் போடுவேன். மேலே பம்பர்களிடையே நன்றாகத் துள்ளுகிறது, ஆனால் நடு மேசையில் சில சமயம் தண்ணீருக்குள் விழுந்ததுபோல மிதந்து வரும். ஓரச் சந்துகள் ரொம்பவே பேராசை பிடித்தவை. நன்றாக ஆடி ஒரு மிஷன் முடியப்போகும் நேரத்தில் பந்து இடது ஓரத்தில் சர்ரென்று இறங்கும், அதில் உங்கள் தப்பு எதுவும் இருக்காது. எக்ஸ்பியோடு வந்த பதிப்பில் ஒரே நேரத்தில் பல பந்து ஓடும் மல்டிபால் கிடையாது, அது இல்லாத குறை இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அப்புறம் அந்த இசை. மெனுவில் மியூசிக்கைப் போட்டால் ஒரு மிடி பாட்டு சுழன்று சுழன்று ஓடும், அரை மணிக்கு மேல் தாங்காது. சத்தங்கள் மட்டும் போதும், அவை அருமை.

எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் இது ஏன் காணாமல் போனது என்பதற்கு மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2012ல் ஒரு விளக்கம் எழுதினார். நிரலைப் புது வகை 64 பிட் பிராசசருக்கு மாற்றியபோது பந்து எதிலும் மோதாமல், ஏவும் பிளஞ்சரையே ஊடுருவிக் கீழே விழுந்துகொண்டே இருந்ததாம். வெளியார் பல வருடம் முன்பு எழுதிய நிரல், குறிப்புகள் கிடையாது, மோதலைக் கண்டுபிடிக்கும் பகுதி எப்படி வேலை செய்கிறது என்றே பிடிபடவில்லை, கைவிட்டுவிட்டார்கள். அதே ஆள்தான் முன்பு இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறார்: கேம் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாகப் படம் வரைந்து பிராசசர் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்ததாம், நொடிக்கு 100 படம் போதும் என்று கட்டிப்போட்டிருக்கிறார்.

பந்து ஊடுருவிப் போவது ஏதோ இந்த ஒரு கேமின் சாபம் என்று நினைக்க வேண்டாம், பின்பால் எழுதிய எல்லோருக்கும் இதுதான் தலைவலி. கம்ப்யூட்டர் பந்தைத் தொடர்ச்சியாக நகர்த்துவதில்லை, புள்ளி புள்ளியாகத் தூக்கி வைக்கிறது. பந்து வேகமாகப் போகும்போது இந்தப் புள்ளியில் ஃபிளிப்பருக்கு மேலே இருக்கும், அடுத்த புள்ளியில் கீழே இருக்கும், நடுவில் மோதியிருக்க வேண்டும் என்பதை நிரல் தனியாகக் கணக்குப் போட்டால்தான் உண்டு. இதில் ஃபிளிப்பரும் அதே சமயம் சுழன்றுகொண்டிருக்கும். பழைய கம்ப்யூட்டரில் இதை நொடிக்கு ஐம்பது தடவை செய்வது விளையாட்டில்லை.

அதனால்தான் பின்பால் ட்ரீம்ஸ் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்கிறது. 1992, அமிகா கம்ப்யூட்டர். ஸ்வீடனில் டெமோ எழுதித் திரிந்த இளைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த டிஜிட்டல் இல்யூஷன்ஸ் செய்தது, பிற்பாடு டைஸ் என்ற பெயரில் பேட்டில்ஃபீல்ட் விளையாட்டுகளைக் கொடுத்தார்களே, அவர்களேதான். டெமோக்காரர்கள் என்றால் ஒரு மெஷினின் கடைசிச் சொட்டு வரை பிழிந்து கிராஃபிக்ஸும் இசையும் காட்டுவதையே பொழுதுபோக்காகச் செய்தவர்கள், அந்தப் பழக்கம் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. மேசை திரையைவிட நீளம், பந்து போகும் இடத்துக்குத் திரை மேலும் கீழும் வழுக்கிக்கொண்டு போகிறது, துளி உதறல் இல்லை. நான் எமுலேட்டரில்தான் (பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் நிரல்) ஓட்டினேன், அப்படியும் அந்த வழுக்கல் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

மேசைகள் நான்கு: ராக்கெட், ரயில், பாப் இசை, சுடுகாடு. ராக்கெட் மேசையான இக்னிஷன் பழகுவதற்கு நல்லது. எனக்குப் பிடித்தது ரயில் மேசை ஸ்டீல் வீல், பந்து ராம்பில் ஏறி இறங்கும் தாளமும் இசையும் ஒன்றோடொன்று இழைந்துகொள்ளும். ஓலோஃப் குஸ்தாஃப்சன் போட்ட இசை, கேமை மூடிய பிறகும் தலைக்குள் ஓடுகிறது. பந்துக்கு இங்கே நிச்சயமாக எடை இருக்கிறது. ஃபிளிப்பரில் பட்டதும் அது கிளம்பும் வேகத்தில் ஒரு அழுத்தம், ராம்பின் உச்சியில் நின்று யோசிக்கும் அந்தத் தயக்கம், பொருட்காட்சிப் பலகை ஞாபகம் வந்தது.

ஆனால் திரை நகர்வதே இதன் பலவீனமும். பந்து மேலே இருக்கும்போது ஃபிளிப்பர் கண்ணில் படாது, பந்து சடாரென்று கீழே வரும்போது திரையும் கூடவே இறங்கும், அந்த அரை நொடியில் கை எங்கே, ஃபிளிப்பர் எங்கே என்று மனசுக்குள் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஸ்பேஸ் கேடட்டில் மேசை முழுவதும் எப்போதும் கண்முன் கிடக்கும், அந்த நிம்மதி இதில் இல்லை. விதிகளும் எளிமை, மிஷன், பதவி என்று கதை கிடையாது, இலக்குகளை அடித்து, பாயிண்டைப் பெருக்கும் எண்ணை ஏற்றுவது, ராம்பைத் திரும்பத் திரும்ப அடிப்பது, அவ்வளவுதான். இதிலும் மல்டிபால் இல்லை, அது இவர்களின் மூன்றாவது கேமான பின்பால் இல்யூஷன்ஸில்தான் வந்தது. இரண்டாவதான பின்பால் ஃபேன்டஸீஸையும் ஒரு மாலை ஓட்டினேன். மேசைகளில் ராம்புகளும் வேலைகளும் அதிகம், இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதையே எடுங்கள்.

மூன்றாவதாக ஒரு கிழவரைப் பார்க்கப் போனேன். பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட், 1983ல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியீடு, செய்தவர் பில் பட்ஜ். ஆப்பிள் 2 என்ற, 48 கிலோபைட் நினைவகத்தில் ஓடிய கம்ப்யூட்டருக்காக எழுதியது. கிலோபைட் என்றுதான் எழுதியிருக்கிறேன், பிழையில்லை, காலை வணக்கம் என்று பூப்படம் போட்டு அனுப்புகிறார்களே, அது இதைவிடப் பெரிதாக இருக்கும். இதற்கு முன் 1981ல் ராஸ்டர் பிளாஸ்டர் என்று ஒரு பின்பால் கேமை அவரே எழுதியிருந்தார். அடுத்தது இன்னொரு மேசை எழுதுவதற்குப் பதிலாக, யார் வேண்டுமானாலும் மேசை செய்துகொள்ளட்டும் என்று பட்டறையையே எழுதிவிட்டார்.

திரையில் ஒரு பக்கம் வெறும் மேசை, மறுபக்கம் ஃபிளிப்பர், பம்பர், இலக்கு என்று சாமான்கள். ஒரு சின்னக் கை உருவம் இருக்கிறது, அதனால் சாமானைப் பிடித்து இழுத்து மேசையில் வைக்கலாம். இன்றைக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும், மவுஸ் என்ற பொருளையே பெரும்பாலோர் பார்த்திராத காலம் அது, ஜாய்ஸ்டிக்கால் இதைச் செய்திருக்கிறார்கள். சுவரின் வளைவை இழுத்து மாற்றலாம், வண்ணம் பூசலாம், எந்த இலக்குகள் சேர்ந்து விழுந்தால் எவ்வளவு பாயிண்ட் என்று வயர் இழுத்துக் கட்டலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: ஈர்ப்பு விசை, வேகம், துள்ளல் இவற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பக்கம் வைத்திருக்கிறார். ஈர்ப்பைக் குறைத்து, துள்ளலை ஏற்றிவிட்டுப் பந்தை விட்டேன், அடைமழையில் தகரக் கூரை மாதிரி டொக்டொக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது, கீழே வரவே இல்லை.

விளையாட்டாக இது சுமார்தான். பந்து ஒரு வெள்ளைப் புள்ளி, நிறங்கள் நாலைந்து, நான் செய்த மேசை எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தவன் கஞ்சி ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை, அம்மா வந்து திட்டிய பிறகுதான் மணி ஐந்து என்று தெரிந்தது. ஒரு பம்பரை அரை அங்குலம் தள்ளி வைத்தால் மேசையின் குணமே மாறிவிடும் என்பதை இங்கேதான் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் ஸ்பேஸ் கேடட்டுக்குத் திரும்பிப் போனபோது, அந்த இடது ஓரச் சந்தை யாரோ ஒருவர் யோசித்து அங்கே வைத்திருக்கிறார் என்று புரிந்து இன்னும் கோபம் வந்தது.

நைட் மிஷன் பின்பால் (1982) என்று ஒன்று, ஃப்ளைட் சிமுலேட்டர் எழுதிய ப்ரூஸ் ஆர்ட்விக்கின் கைவேலை. பத்து நிமிடம் ஆடினேன், மேசையைவிட அதன் செட்டிங்ஸ் பக்கம் பெரிதாக இருந்தது, விமானி மனசு போல, மூடிவிட்டேன்.

எதை எடுப்பது என்று கேட்டால், பந்தின் சுகத்துக்கு பின்பால் ட்ரீம்ஸ் அல்லது ஃபேன்டஸீஸ். நோண்டும் குணம் உள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்டை பிரவுசரில் ஓடும் எமுலேட்டரில் திறந்து கொடுங்கள். ஆனால் திரும்பத் திரும்ப நான் போய் உட்கார்ந்தது ஸ்பேஸ் கேடட்டில்தான், இப்போதும் இதை எழுதுவதற்கு நடுவில் இரண்டு ஆட்டம் போட்டுவிட்டேன். கமாண்டர் பதவி வரை வந்திருக்கிறேன், அதற்கு மேல் எரிபொருள் விடமாட்டேன் என்கிறது. அண்ணனுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், "ஸ்லாஷ் மட்டும் அடிச்சுக்கிட்டிருந்தவனுக்கு வந்த வாழ்வு" என்று பதில் வந்தது.

எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். 2021ல் ஒரு நிரலாளர் பழைய கேமைப் பிரித்து மேய்ந்து மூலநிரலைத் திரும்ப எழுதி வெளியிட்டார், அதிலிருந்து லினக்ஸ், ஆண்ட்ராய்டு என்று பல இடங்களுக்கும் வந்துவிட்டது. பழைய எக்ஸ்பி சிடியில் உள்ள டேட்டா ஃபைல் வேண்டும், ஃபுல் டில்ட்டின் ஃபைல் இருந்தாலும் ஓடும், அதில் படம் இன்னும் துல்லியம். கண்ட தளத்தில் கிடைக்கும் எக்ஸிஇ ஃபைலை இறக்காதீர்கள், நான் அவசரப்பட்டு ஒன்றை இறக்கினேன், பின்பாலோடு மூன்று டூல்பாரும் சேர்ந்து வந்தது, பெரியப்பா சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. போனில் ஆட வேண்டாம், கண்ணாடியைத் தடவி ஃபிளிப்பர் அடிப்பதில் ஒரு ருசியும் இல்லை. கீபோர்டு வேண்டும், அதுவும் உட்கார்வதற்கு முன்னால் ஸ்லாஷ் விசை ஒழுங்காக அமுங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள், என்னுடையது அமுங்கினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.